தெற்கு வாயிலில் கேட்ட தட்டல்

எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் உயர்தர வகுப்பு மாணவர்கள் ஒரு நாடகக் காட்சியை மேடையேற்றுவது அக்கால வழக்கம். எங்கள் முறை வந்தபோது, ஆங்கில இலக்கியம் கற்பித்த ஆசிரியர் சேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்திலிருந்து இரண்டாம் அங்கத்தின் இரண்டாம் காட்சியைத் தெரிந்தெடுத்து, தாமே தமிழாக்கியும் தந்தார். கொலைக் காட்சி என்று கேள்விப்பட்டு ஆவலோடு வாசித்த எங்களுக்கு, அதில் கொலையே இல்லை என்பது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அரியணைக்கு ஆசைப்பட்டு, தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த மன்னன் டன்கனை மக்பெத் உள்ளறையில் கொல்லும் வேளையில் மேடையில் நிற்பவள் அவன் மனைவி ஒருத்தியே. அவள் காதில் விழுவது மட்டுந்தான் நமக்கும் கேட்கிறது.

கொலையைக் கண்ணால் கண்டுவிட்டால் பார்வையாளரின் வேலை அத்தோடு முடிந்துவிடும் என்பது ஆசிரியரின் கருத்து. அது எத்துணை சரியென்பது ஒத்திகைகளில் மெல்ல மெல்ல விளங்கிற்று. ‘செய்து முடித்துவிட்டேன், ஓசை ஏதும் கேட்டதா’ என்று வருகிறான் மக்பெத். ஆந்தை அலறியதும் சுவர்க்கோழி கத்தியதும் கேட்டதாகச் சொல்லும் அவள், பேசியது நீங்களல்லவா என்கிறாள். எப்போது? இப்போது. நான் இறங்கி வந்தபோதா? ஆம். அதுவரை நீண்ட அடிகளில் பேசிவந்த இருவரும் இங்கே ஒரே அடியைத் துண்டு துண்டாக்கித் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பெருங்கடல் முழுவதும் திரண்டாலும் என் கையின் குருதியைக் கழுவுமா என்ற வாசகத்தையே பலரும் மேற்கோள் காட்டுவர். எனக்கோ, காட்சியின் உச்சம் இந்த ஓரிரு சொற்களிலேயே இருப்பதாகப் படுகிறது.

அடுத்தது குத்துவாள்கள். பழி அவர்கள்மேல் விழும்படி உறங்கும் காவலரின் அருகில் விட்டுவர வேண்டிய அவற்றைக் கையோடு கொண்டு வந்துவிடுகிறான் மக்பெத். உறக்கம் கலைந்த ஒருவன் கடவுளை அழைத்தபோது தன்னால் ‘ஆமென்’ சொல்ல முடியாமற் போனதையும், இனி உறக்கமில்லை என்று ஒரு குரல் கூவியதையும் அவன் புலம்பிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் வாள்கள் நம் கண்முன்னே இருக்கின்றன, அவளோ கவனிக்கவில்லை. எப்போது காண்பாள் என்ற தவிப்பு சபையில் ஏறிக்கொண்டே போகும். திரும்பிப் போக அவன் மறுக்க, அவளே வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். இத்தனை துணிந்தவள், உறங்கும் மன்னன் தன் தந்தையின் சாயலில் இராதிருந்தால் தானே செய்து முடித்திருப்பேன் என்று தொடக்கத்தில் ஒரு வரி சொல்லியிருக்கிறாள். அதை அழுத்தாமல், போகிற போக்கில் சொல்லுமாறு ஆசிரியர் பணித்தார். ஐந்தாம் அங்கத்தில் உறக்கத்தில் நடந்தபடி கைகளைத் தேய்க்கும் பெண்ணின் வித்து அந்த வரியில்தான் கிடக்கிறது.

அவள் உள்ளே சென்று அவன் தனித்து நிற்கையில் தட்டல் கேட்கத் தொடங்கும். கொழும்பிலிருந்து காலி நகருக்குச் செல்லும் காலி வீதிக்கும் கரையோரப் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட எங்கள் மண்டபத்தில் மௌனம் என்பது அரும்பொருள். பஸ் இரைச்சலை நிறுத்த ஆசிரியரால் முடியாது. ஆகவே மின்விசிறிகளையாவது நிறுத்தச் செய்தார். புழுக்கத்தில் சனம் வியர்த்துக்கொண்டிருக்கையில், பின்மேடையிலிருந்து அன்றி, பார்வையாளரின் முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய கதவிலிருந்து தட்டல் எழுந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. கோட்டைக்குள், கொலைகாரனோடு அகப்பட்டிருப்பவர்கள் தாங்களே என்பது போலிருந்தது. இலண்டனில் பின்னர் நான் பார்த்த எந்தத் தயாரிப்பிலும் இந்த உத்தி இவ்வளவு வலுவாக அமையவில்லை. தட்டுபவன் மக்டஃப், முடிவில் மக்பெத்தின் தலையைக் கொய்யப்போகிறவன். ஆயினும் அந்த நேரத்தில் அது யாரென்று சபைக்குத் தெரியாதிருப்பதே நல்லது. கொலையால் நின்றுபோன மனித உலகம் மீண்டும் இயங்கத் தொடங்குவதை இத்தட்டல் அறிவிக்கிறது என்று 1823இல் ஆங்கிலக் கட்டுரையாளர் தோமஸ் டி குவின்சி எழுதினார். வாசிப்பவருக்கு அது பொருந்தலாம். மண்டபத்தில் இருப்பவரை முதலில் பிடிப்பது அச்சந்தான்.

சேக்ஸ்பியர் காலத்துக் குளோப் அரங்கு கூரை திறந்தது; பகல் வெளிச்சத்தில் நடித்த ஆட்டத்தில் இந்த நள்ளிரவைச் சொற்களும் ஓசையுமே உண்டாக்கவேண்டியிருந்தது. 1611இல் அங்கு இந்நாடகத்தைப் பார்த்த சோதிடர் சைமன் ஃபோர்மன், கணவன் மனைவி இருவர் கையிலும் குருதி கழுவப்படாமல் நின்றதைக் குறிப்பாக எழுதி வைத்தார். எங்கள் செஞ்சாயமும் அப்படித்தான், மறுநாள் வகுப்பு வரையில் போகவில்லை.

நேர வரம்பு கருதி, அடுத்து வரும் வாயிற்காவலன் பகுதியை ஆசிரியர் விட்டுவிட்டார். அதை இன்றும் குறையென்றே சொல்வேன். நரகத்தின் வாயிலைக் காப்பவனாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு அந்தக் குடிகாரன் உளறும் நேரத்தில் மக்பெத்தாக நடிப்பவன் கை கழுவிக்கொள்கிறான். உள்ளே பிணம் கிடக்கச் சபையும் சிரித்துவிடுகிறது. பிறகு, முந்திய இரவின் புயலையும் புலம்பல்களையும் லெனொக்ஸ் என்னும் பிரபு விரிவாக வர்ணிக்க, கழுவிய கையோடு வந்து நிற்கும் மக்பெத், பொல்லாத இரவுதான் என்று மட்டும் சொல்வான். எங்கள் மக்பெத்துக்கு அதைச் சொல்லும் வாய்ப்புக் கிட்டவில்லை.