விரல் நீட்டினால் போதாது

வார்சாவில் ஒரு ரொட்டிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பன்னைக் காட்டி, போலிஷில் "தா புவ்கா" (இந்தப் பன்) என்றேன்.

கடைக்கார அம்மா இடுக்கியை எடுத்தபடி, "தோன் புவ்கெ?" என்றார்.

திருத்தினாரா, சும்மா கேட்டாரா, தெரியவில்லை. நான்தான் சிவந்துபோனேன்.

போலிஷ் மொழியில் பன் பெண்பால், அதனால் "தா". முழு ரொட்டி ஆண்பால், அதற்கு "தென்". சரி, இதுவரை சமாளிக்கலாம். ஆனால் 'இந்தப் பன்னைக் கொடுங்கள்' என்றால் சுட்டுச் சொல்லும் கூடவே வேற்றுமை ஏற்கும். இலக்கணப்படி "தெ". பேச்சில் பலருக்கு "தோன்". அந்த அம்மா சொன்னது பேச்சு வழக்கு!

நம் 'இந்த' எதற்கும் அசையாது. அதன் அருமை அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

பன்மை இன்னும் வேடிக்கை. கூட்டத்தில் ஓர் ஆண் இருந்தாலும் "ச்சி". பெண்கள் மட்டும் என்றால் "தெ". பூனைகளுக்கும் நாற்காலிகளுக்கும் அதே "தெ"தான். உயர்திணை, அஃறிணை படித்த எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது.

அப்புறம் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பொருளின் பெயரைச் சொல்லாமல் விரல் நீட்டி "தொ" என்றால் போதும், 'இது' என்று அர்த்தம்.

நாளை அதுதான்.