தோஃப்ஸ்லனும் விஃப்ஸ்லனும் பெட்டிக்குள் வைத்திருந்தது

மூமின் புத்தகங்களைப் படிக்காதவர்களும் மூமின் கோப்பைகளைப் பார்த்திருப்பீர்கள். நீர்யானைக் குட்டி மாதிரி வெள்ளையாக, பெரிய மூக்கும் குட்டி வாலுமாக இருக்குமே, அதுதான். எழுதியவர் தூவே யான்சன், பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையில் பிறந்த ஓவியர். 1948இல் வந்த அவருடைய மூன்றாவது மூமின் நாவலில், மந்திரவாதியின் தொப்பி ஒன்று மூமின் வீட்டுக்கு வந்து சேர்ந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கும் கதையில், பாதிக்கு மேல் போன பிறகு இரண்டு குட்டி உருவங்கள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகின்றன. பெயர் தோஃப்ஸ்லன், விஃப்ஸ்லன். ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கு திங்குமி, பாப். கைகோத்தபடியே திரிவார்கள், தங்களுக்குள் ஒரு விசித்திரமான பாஷை பேசிக்கொள்வார்கள், மூமின் அம்மாவின் கைப்பையைச் சுட்டுக்கொண்டுபோய் அதன் சின்ன அறைகளில் படுத்துத் தூங்குவார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

அவர்களைத் துரத்திக்கொண்டு க்ரோக் வருகிறாள். மூமின் உலகத்தின் பயங்கரம் அவள்தான். கத்த மாட்டாள், கடிக்க மாட்டாள், வெறுமனே உட்கார்ந்திருப்பாள், அவள் உட்கார்ந்த தரை உறைந்து போகும். பெட்டியில் இருப்பது தன்னுடையது என்கிறாள். உடனே ஒரு நீதிமன்றம் கூடுகிறது. ஸ்னார்க் நீதிபதி, ஸ்னிஃப் க்ரோக்கின் தரப்பு, அந்த விசித்திர பாஷை புரிந்த ஹெமூலன் குட்டிகளின் தரப்பு. விசாரணை எங்கே போய் முடிகிறது தெரியுமா? சொந்தக்காரர் யார் என்பதை விட்டுவிட்டு, அந்தப் பொருள் மீது யாருக்கு அதிக உரிமை என்ற கேள்விக்குப் போகிறது. க்ரோக்குக்கு அது உலகத்திலேயே விலை உயர்ந்த பொருள், இந்த இரண்டு பேருக்கும் அது உலகத்திலேயே அழகான பொருள். கடைசியில் மூமின் அம்மா குறுக்கே வந்து, மந்திரத் தொப்பியைக் க்ரோக்குக்குக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

இப்போது நாவல் எழுதப்பட்ட காலத்துக்கு வருவோம். 1946 கடைசியில் தூவே நாடக இயக்குநர் விவிகா பாண்ட்லரைக் காதலிக்க ஆரம்பித்திருந்தார். தூவே, விவிகா. தோஃப்ஸ்லன், விஃப்ஸ்லன். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர் வேண்டியதில்லை, கூட இருந்த நண்பர்களுக்கெல்லாம் அப்போதே தெரிந்திருக்கும். விவிகா திருமணமானவர். பின்லாந்துச் சட்டத்தில் தன்பாலுறவு அப்போது குற்றம். பல நாடுகளில் ஆண்களை மட்டும் பிடித்த சட்டம், அங்கே பெண்களையும் சேர்த்தே பிடித்தது. 1971இல்தான் அது போனது, நோய்ப் பட்டியலிலிருந்து எடுக்க 1981 ஆனது. (நம் ஊரில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377 இந்த விஷயத்தில் செல்லாது என்று ஆனது 2018இல். அதனால் ஐரோப்பாவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு அருகதை இல்லை.) அமெரிக்காவுக்குப் போய்விட்ட தோழி ஏவா கொனிகாஃப்க்கு எழுதிய கடிதத்தில் தூவே இந்தக் காதலைப் பற்றிச் சொல்கிறார்: அடிமுதல் நுனிவரை தெரியும் என்று நினைத்திருந்த பழைய வீட்டில் திடீரென்று ஒரு புது அறையைக் கண்டுபிடித்தது மாதிரி இருக்கிறதாம்.

அந்த உறவு கொஞ்ச காலத்தில் முடிந்தது, நட்பு மட்டும் ஆயுள் முழுக்க நின்றது. ஆனால் தூவே அதைக் குழந்தைகள் நாவலில் மட்டும் ஒளித்துவைக்கவில்லை. 1947இல் ஹெல்சிங்கி நகர மண்டபத்தின் உணவகத்துக்காக ஒரு பெரிய சுவரோவியம் வரைந்தார், ஒரு விருந்துக் காட்சி. நடுவில் ஆடிக்கொண்டிருப்பவர் விவிகா. முன்னால், கையில் சிகரெட்டோடு, தனியாக உட்கார்ந்திருப்பவர் தூவே. அவருடைய கண்ணாடிக் கோப்பை பக்கத்தில் விரல் அளவுக்கு ஒரு மூமின். நகராட்சி காசு கொடுத்து வரையச் சொன்ன படம்! ஊரே அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

இதையெல்லாம் எங்காவது சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று உண்டு: "குழந்தைங்க புத்தகத்துல போய் இதையெல்லாம் ஏன் இழுக்கறீங்க?" எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு, நானும் அந்த ஆள்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதை ஒதுக்கிவைத்துவிட்டே பேசுகிறேன். அதே நாவலில் மூமின் வீட்டுப் பையன் மூமின்ட்ரோலுக்கு ஸ்னார்க் மெய்டன் என்று ஒரு காதலி இருக்கிறாள். கரை ஒதுங்கிய ஒரு மரச் சிற்பத்தை, கப்பலின் முகப்பில் இருந்த மர ராணியை, அவன் ரசித்துவிட்டான் என்பதற்காக அவளுக்குப் பொறாமை வந்து, மந்திரவாதியிடம் வரம் கேட்கும் வாய்ப்பு கிடைத்ததும் அந்த ராணியின் கண்களைப் போலவே தனக்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கி, முகமே கோரமாகிவிடுகிறது. பாவம், அவளுடைய அண்ணன் தன் வரத்தைச் செலவழித்துப் பழைய கண்களைத் திரும்ப வாங்கித் தருகிறான். காதல், பொறாமை, அழகுக் கவலை எல்லாம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு "குழந்தைகள் புத்தகத்தில் ஆண் பெண் விவகாரமா" என்று யாரும் கேட்டதில்லை. இளவரசன் இளவரசியை முத்தமிட்டு எழுப்பினால் அது வெறும் கதை, கைகோத்த இரண்டு பேர் பெட்டிக்குள் ஒரு மாணிக்கத்தை ஒளித்துவைத்தால் அது மட்டும் விவகாரம்.

அதற்காகக் கண்ணில் படும் நட்பையெல்லாம் காதலாக்கும் வாசிப்பும் எனக்கு ஒத்துவராது. இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் இருந்தால் போதும், உடனே ஜோடி சேர்த்துவிடுகிறார்கள் சிலர். எனக்கு இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. இப்படிப் படித்தால், கதையில் பொருந்தாமல் தொங்கிக்கொண்டிருக்கும் ஏதாவது பொருந்துகிறதா? பெட்டி விஷயத்தில் பொருந்துகிறது. ஒரு கற்பனை நாவலின் நடுவில் எதற்கு ஒரு வழக்கு? குற்றவாளிக் கூண்டில் ஏன் இந்த இரண்டு பேர்? சட்டப்படி உரிமை உள்ளவளை விட்டுவிட்டு, நேசிப்பவர்கள் பக்கம் ஏன் தீர்ப்பு சாய்கிறது? கடைசியில் ஆகஸ்ட் மாத விருந்தில், எல்லார் முன்னாலும், அவர்களாகவே பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே ராஜ மாணிக்கம். அதன் வெளிச்சத்தைப் பார்த்து எல்லாரும் வாயடைத்து நிற்கிறார்கள். அதைத் தேடி அலைந்த மந்திரவாதியே வந்து கேட்டும் இவர்கள் தரவில்லை, ஆனால் தங்கள் வரத்தைச் செலவழித்து அவருக்கென்று இன்னொரு மாணிக்கத்தை வரவழைத்துக் கொடுக்கிறார்கள்.

இணையத்தில் மூமின் ரசிகர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஜோடியை அல்ல. மூமின்ட்ரோல், ஸ்னஃப்கின் ஜோடியைத்தான். ஸ்னஃப்கின் கூடாரமும் மவுத் ஆர்கனும் மட்டும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுபவன், குளிர் வரும்போது தெற்கே கிளம்பிவிடுவான், வசந்தத்தில் திரும்பி வருவான். அவன் போன பிறகு மூமின்ட்ரோல் படும் பாடு இருக்கிறதே! அதே விருந்தில் மூமின் அம்மா தனக்குக் கிடைத்த வரத்தில், ஸ்னஃப்கினை நினைத்து மகன் படும் வருத்தம் தீர வேண்டும் என்று கேட்கிறார். மூமின்ட்ரோலுக்கு முகம் சிவந்துவிடுகிறது, இவ்வளவு வெளிப்படையாகவா தெரிந்தது என்கிறான். அப்புறம் தன் முறை வந்ததும், விருந்து மேசையை அப்படியே பண்டங்களோடு ஸ்னஃப்கின் இருக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்கிறான். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இதில் ஒன்றுமே இல்லை என்று சொல்பவரோடு எனக்குப் பேச எதுவும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு சுவாரசியமான சிக்கல் இருக்கிறது. ஸ்னஃப்கினுக்கு முன்மாதிரி ஆத்தோஸ் விர்தானென், அரசியல்வாதி, பத்திரிகையாளர், தூவே பல வருடம் காதலித்த ஆண். மூமின்ட்ரோலிடம் தூவேயின் சாயல் நிறைய. அப்படியானால் வாழ்க்கை வரலாற்றை வைத்துப் பார்த்தால் அது ஒரு ஆண் பெண் காதல், இரண்டு பையன்களின் உருவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியரின் வாழ்க்கையைச் சாவியாக வைத்துக்கொண்டு எல்லாப் பூட்டையும் திறக்கப் போனால் இப்படித்தான் ஆகும். என்னைக் கேட்டால், இதனால் ரசிகர்களின் வாசிப்பு பொய்யாகிவிடாது. ஒரு பையன் இன்னொரு பையனுக்காக ஏங்குவது பக்கத்தில் அச்சாகி இருக்கிறது, முகம் சிவப்பதும் இருக்கிறது, அதற்கு ஆத்தோஸின் அனுமதி தேவையில்லை.

எனக்குப் பிடித்தது 1957இல் வந்த குளிர்கால நாவல். தூவே 1955இல் ஓவியர் தூலிக்கி பியெத்திலாவைச் சந்தித்திருந்தார். பிறகு 2001இல் தூவே இறக்கும் வரை இருவரும் இணையர். ஹெல்சிங்கியில் இருவருக்கும் தனித்தனி ஸ்டூடியோ, பரண் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரலாம். கோடையில் குளோவ்ஹாரு என்ற பொட்டல் பாறைத் தீவு. நாவலில் தூலிக்கி டூ-டிக்கியாக வருகிறார். கோடு போட்ட சட்டை, தலையில் குல்லா, கையில் ஏதாவது வேலை. மூமின்கள் குளிர்காலம் முழுக்கத் தூங்குபவர்கள். ஒரு வருடம் மூமின்ட்ரோல் மட்டும் நடுவில் விழித்துவிடுகிறான், அம்மாவை எழுப்பினால் எழவில்லை, வெளியே அவனுக்குத் தெரியாத ஒரு வெள்ளை உலகம். கடற்கரையில் அவர்களுடைய குளியல் வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள். இது எங்கள் அப்பாவுடையது என்கிறான் கோபமாக. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிறாள் டூ-டிக்கி. கோடையில் இது யாரோ ஒரு அப்பாவுடையது, குளிரில் டூ-டிக்கியுடையது.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். அப்பாவின் வீடுதான், பத்திரம் அவர் பெயரில்தான், ஆனால் வருடத்தில் பாதி நாள் அங்கே வேறு ஒரு குடித்தனம் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத மூஞ்சூறுகள் சூப் பரிமாறுகின்றன, இது எதுவுமே அப்பாவுக்குத் தெரியாது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் இடம் கிடைக்காத உயிர்கள் நிறைய உண்டு, கூச்சமானவை, கொஞ்சம் வித்தியாசமானவை, மற்றவர்களோடு ஒட்டாதவை, இப்படி இருக்கிறார்கள் என்றே யாரும் நம்பாதவை, எல்லாரும் தூங்கிய பிறகுதான் அவை வெளியே வரும் என்று டூ-டிக்கி விளக்குகிறாள். அவர்களை உனக்குத் தெரியுமா என்று கேட்கிறான் மூமின்ட்ரோல். சிலரைத் தெரியும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருப்பவரை நன்றாகவே தெரியும், ஆனால் அவர் ரகசியமாக வாழ விரும்புகிறார், அதனால் அறிமுகப்படுத்த முடியாது என்கிறாள்.

இதில் காதல் காட்சி ஒன்றுகூட இல்லை, டூ-டிக்கிக்கு ஜோடியும் இல்லை. ஆனாலும் நான் படித்த குழந்தைகள் புத்தகங்களிலேயே குயர் வாழ்க்கைக்கு, அதாவது ஆண் பெண் என்ற வழக்கமான காதலிலும் அடையாளத்திலும் அடங்காத எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கைக்கு, ரொம்ப நெருக்கமான பக்கம் இதுதான். யாரைத் தெரியும், யாரை வெளியே சொல்லக்கூடாது என்ற கணக்கு எங்களுக்கெல்லாம் பழகிப்போன ஒன்று. நண்பனின் அறைத்தோழன் என்று கல்யாண வீட்டில் அறிமுகம் செய்து வைத்தவர்களுக்குப் புரியும்.

ஒளித்துவைக்காமல் வெளிப்படையாகவே கிடக்கும் உதாரணமும் ஒன்று இருக்கிறது. 'விசார்ட் ஆஃப் ஆஸ்' எழுதிய எல். ஃப்ராங்க் பாம், 1904இல் எழுதிய இரண்டாவது ஆஸ் புத்தகம். மோம்பி என்ற சூனியக்காரியிடம் வளரும் டிப் என்ற பையன்தான் நாயகன். புத்தகம் முடியும் நேரத்தில் தெரிகிறது, ஆஸ் நாட்டின் தொலைந்துபோன இளவரசி ஓஸ்மாவே அவன்தான், கைக்குழந்தையாக இருந்தபோதே உருமாற்றப்பட்டவள். டிப்புக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, நான் பெண்ணாக மாட்டேன், பையனாகவே இருந்து ஊர் சுற்றுகிறேன் என்கிறான். கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் திரும்ப மாற்றிவிடுவீர்களா என்றும் கேட்கிறான். நல்ல சூனியக்காரி கிளிண்டா அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. பிறகு திரை விலகுகிறது, ஓஸ்மா நிற்கிறாள், நான் அதே டிப்தான் என்று நண்பர்களிடம் சொல்ல ஆரம்பிக்கிறாள். ஆனால் வேறு மாதிரி என்று பூசணித் தலை ஜாக் முடித்துவைக்கிறான், அதுவரை அவன் பேசியதிலேயே புத்திசாலித்தனமான பேச்சு என்று எல்லாருக்கும் தோன்றுகிறது.

திருநங்கைகள் சிலருக்கு இது தன் உண்மையான உருவத்தைக் கண்டடைந்த கதை. திருநம்பிகள் சிலருக்கு, விருப்பமில்லாத ஒரு பையனைப் பெரியவர்கள் கூடிப் பெண்ணாக்கிய கதை. இரண்டுக்கும் புத்தகத்திலேயே ஆதாரம் இருக்கிறது, எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது, முட்டி நின்ற அந்த அழுகையை பாம் ஏன் எழுதினார் என்று. அவர் மனதில் இருந்தது என்னவோ மேடைதான். முதல் ஆஸ் கதை நாடகமாகி வசூலை அள்ளியிருந்தது, அதில் வைக்கோல் மனிதனாகவும் தகர மனிதனாகவும் நடித்த இரண்டு நகைச்சுவை நடிகர்களுக்குத்தான் இந்தப் புத்தகத்தையே சமர்ப்பித்தார். அன்றைய மேடையில் பையன் வேடங்களை நடிகைகள் போடுவது வழக்கம், கடைசியில் வேடத்தைக் கலைத்து இளவரசியாக்கினால் கைதட்டல் நிச்சயம். வியாபாரக் கணக்கில் போட்ட ஒரு திருப்பம் நூறு வருடம் கழித்தும் யாரோ ஒரு வாசகரின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் ஆர்னால்ட் லோபலின் தவளை, தேரை என்ற இரண்டு நண்பர்களின் கதைகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். முதல் புத்தகம் 1970, தான் தன்பாலீர்ப்பாளர் என்று அவர் தன் குடும்பத்திடம் சொன்னது 1974, எய்ட்ஸால் இறந்தது 1987. அந்தப் புத்தகங்கள்தான் அப்பா தன்னை வெளிப்படுத்திக்கொண்டதன் ஆரம்பம் என்று நினைப்பதாக அவர் மகளே சொல்லியிருக்கிறார். அக்கா மகளுக்குத் தூங்கும் நேரத்தில் நான் வாசிப்பது இதைத்தான். தனியாக இருக்க வேண்டும் என்று தவளை கதவில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போக, தேரை பதறிப்போய் சாண்ட்விச் கட்டிக்கொண்டு ஆமை மேல் ஏறி ஆற்றில் போய் விழுகிற கதை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். "ரெண்டு பேரும் ஏன் ஒரே வீட்ல இல்ல மாமா?" என்று ஒருநாள் கேட்டாள். ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்றேன். அக்கா பக்கத்து அறையிலிருந்து சிரித்தது கேட்டது.

மூமின் புதிதாகப் படிக்கப் போகிறவர்கள் தொப்பி நாவலில் ஆரம்பியுங்கள், குளிர்கால நாவலை அதற்குப் பிறகு எடுங்கள். ஸ்னஃப்கின் கிளம்பிப் போவதை முதலில் பார்த்திருந்தால்தான் அவன் இல்லாத அந்தக் குளிர்காலம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.