கொலோன் பேராலயம்: எது பழசு, எது புதுசு?

12 அக்டோபர் 2024, சனி

ஜெர்மனியின் கொலோன் நகர ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பேராலயம் முகத்துக்கு நேரே நிற்கிறது. இரட்டைக் கோபுரம், உயரம் 157 மீட்டர். கல்லெல்லாம் புகையும் மழையும் தின்று கறுத்துக் கிடக்கிறது. பார்த்ததும் எண்ணூறு வருஷப் பழசு என்று தோன்றும். பாதிதான் உண்மை.

அடிக்கல் 1248இல். கிழக்கே பீடம் இருக்கும் பகுதி 1322இல் அர்ச்சிக்கப்பட்டது. அப்புறம் காசும் ஆர்வமும் வற்றி, 16ஆம் நூற்றாண்டில் வேலை நின்றே போனது. தெற்குக் கோபுரம் மொட்டைக் கோபுரமாக, உச்சியில் ஒரு மரப் பாரந்தூக்கியோடு நின்றது. தலைமுறை தலைமுறையாக அதுதான் ஊருக்கு அடையாளம், 1868இல்தான் இறக்கினார்கள். 1842இல் பிரஷ்ய மன்னர் மறுபடி அடிக்கல் நாட்ட, 1880இல் வேலை முடிந்தது. பக்கத்து ரயில் நிலையம் திறந்தது 1859இல். அதாவது கோபுரத்தின் மேல்பாதி ரயில் நிலையத்துக்குத் தம்பி.

13 அக்டோபர், ஞாயிறு

காலையில் பூசை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் உள்ளே அலைய முடியாது. மதியத்துக்கு மேல் போனேன்.

பேராயர் கெரோவின் பெயரால் வழங்கும் கெரோ சிலுவையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். 10ஆம் நூற்றாண்டு, ஓக் மரம். இந்தக் கட்டடத்தைவிட மூத்தது, முன்பு இங்கே இருந்த ஆலயத்திலிருந்து வந்தது. இயேசு இறந்துவிட்டார். கண் மூடியிருக்கிறது. தலை ஒரு பக்கம் தொங்குகிறது, உடம்பின் பாரத்தில் தோள்கள் இழுபட்டிருக்கின்றன, வயிறு முன்னால் சரிந்து உப்பியிருக்கிறது. செதுக்கியவர் இறந்த உடலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். சுற்றிலும் பின்னாளில் வைத்த தங்கக் கதிர்கள் எனக்குப் பிடிக்கவில்லை.

குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் பொற்பேழை பீடத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கூண்டில் இருக்கிறது. 1164இல் மிலான் நகரத்திலிருந்து அவர்களுடைய எலும்புகள் என்று பேராயர் ரைனால்ட் கொண்டுவந்தவை அதற்குள். யாத்ரீகர் கூட்டம் பெருகியது. அவ்வளவு கூட்டத்துக்கும் பேழைக்கும் ஏற்ற ஆலயம் வேண்டும் என்றுதான் இத்தனை பெரிய திட்டம்.

14 அக்டோபர், திங்கள்

தெற்குக் கோபுரம். 533 படி, லிப்ட் கிடையாது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் அதே குறுகிய சுழல் படிக்கட்டில் சுவரோடு ஒட்டி ஒதுங்கவேண்டும். நடுவில் மணிக்கூடம். 1923இல் வார்த்த பீட்டர் மணி, 24 டன். ஊர்க்காரர்கள் 'தடியன் பீட்டர்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். பெருவிழாக்களுக்கு மட்டும்தான் அடிப்பார்களாம். நல்லவேளை, நான் பக்கத்தில் நின்றபோது அடிக்கவில்லை.

இறங்கிய பிறகு கூரையைப் பற்றி யோசித்தேன். கல் விதானத்துக்கு மேலே கூரையைத் தாங்குவது மரமில்லை, இரும்புச் சட்டம், 1860களில் போட்டது. ஈபல் கோபுரத்துக்கு முந்தையது. இரண்டாம் உலகப் போரில் 14 குண்டுகள் விழுந்தும் கூரை எரிந்து போகாமல் இருந்ததற்கு இந்த இரும்பும் ஒரு காரணம்.

15 அக்டோபர், செவ்வாய்

முடிப்பு விழா நடந்தது இதே தேதியில்தான். 1880இல் இதுதான் உலகிலேயே உயரமான கட்டடம். நாலு வருஷத்தில் வாஷிங்டன் நினைவுத்தூண் அதை முந்திவிட்டது.

'19ஆம் நூற்றாண்டில் கட்டியது, போலி' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேற்கு முகப்புக்கு 13ஆம் நூற்றாண்டுக்காரர்கள் தோலில் வரைந்த வரைபடம், நாலு மீட்டர் உயரம், தொலைந்தே போயிருந்தது. ஒரு பாதி 1814இல் டார்ம்ஸ்டாட் ஊரில் அகப்பட்டது. மறுபாதி 1816இல் பாரிஸில். அதை வைத்துத்தான் முகப்பைக் கட்டினார்கள். முதலில் யோசித்தவர்களின் கோபுரத்தையே தாமதமாக எழுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சிலுவை வடிவக் கட்டடத்தின் தெற்குக் கையில் இருக்கும், ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் சன்னல் 2007இல் வந்தது. உருவம் எதுவும் இல்லை. 72 நிறங்களில் 11,263 சதுரக் கண்ணாடிகள், கணினி குலுக்கிப் போட்ட வரிசையில். அன்றைய கர்தினால் மைஸ்னர், இது மசூதிக்குப் பொருந்தும் என்று குறைப்பட்டார். மதிய வெயிலில் தரையெங்கும் மஞ்சளும் ஊதாவும் சிதறிக் கிடக்க, ஒரு குழந்தை ஒவ்வொரு நிறமாக மிதித்து ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை பக்கம்தான் நான்.

விழாவை விட்டுவிட்டேனே. 1880இல் புராட்டஸ்டண்ட் பேரரசர் முதலாம் வில்லியம் முன்னிலையில் கொண்டாட்டம். கத்தோலிக்கப் பேராயர் மெல்கர்ஸ் வரவில்லை. அரசோடு வந்த மோதலில் 1875இலேயே நாட்டை விட்டுத் தப்பிப் போயிருந்தார்.