இளநீரும் பப்பாளிக் காம்பும்

நேற்று சாயங்காலம் ரோட்டோரத்தில் இளநீர் வாங்கினேன், அண்ணன் சீவின கையோடு ஸ்ட்ராவைச் செருகிவிட்டார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்தே பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை, 2022 ஜூலையில் நாடு முழுக்க வந்தது, ஆனால் வண்டிக்கு அடியில் நீலமும் சிவப்புமாக அத்தனை கிடக்கிறது. அடுத்ததை "அப்படியே குடிச்சுக்கிறேண்ணே" என்று வாங்கி பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டது வேறு கதை. பேப்பர் ஸ்ட்ரா நமக்குச் சரிப்படாது, பாதியிலேயே ஊறி உதட்டில் ஒட்டும். ஊரில் ஆத்தா பப்பாளி இலைக் காம்பை இரண்டு பக்கமும் நறுக்கி, பால் போகக் கழுவித் தரும், உள்ளே குழல்தான், லேசாகக் கசக்கும், அவ்வளவுதான். வழுக்கை தோண்ட மட்டும் அண்ணன் மட்டைச் சில்லையே சீவித் தருகிறார், அதற்கு ஸ்பூன் கிடையாது! வீட்டுப் பின்னால் பப்பாளி நிற்கிறது, நாளைக்கு நாலு காம்பு வெட்டிக்கொண்டு போய்க் கொடுக்கணும், திட்டுவாரோ என்னவோ.