சிலேட்டு நாட்கள்

மார்ச் 24, 2025, திங்கள்

இரண்டு வாரம் பேசக் கூடாது. பாடக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அதுவும் தொண்டைக்குக் கேடுதானாம். டாக்டர் மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டுக் குரல் நாண்களைத் திரையில் காட்டினார். வெள்ளையாக இரண்டு நாடா, எதிரெதிராக இரண்டு சின்ன மேடு. செருப்பு உரசி உரசிக் காலில் காய்க்குமே, அந்த மாதிரி. "டீச்சரா, பாடுறவங்களா?" என்று கேட்டார். இரண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அம்மா, இப்பவே ஆரம்பிச்சாச்சு."

குருத்தோலை ஞாயிறுக்கு இருபது நாள்தான் இருக்கிறது. பெரிய வெள்ளிப் பாட்டு ஒன்றுகூட இன்னும் நாலு குரலில் சேரவில்லை.

மார்ச் 25

ஞாயிறு பள்ளிப் பையில் பழைய சிலேட்டு ஒன்று கிடந்தது. இவர் பக்கத்து அறையில் இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் அனுப்பு என்கிறார். அத்தைக்குப் போனில் படிக்க வராது, சிலேட்டுதான் வசதி. அத்தைக்குக் காது கேட்காது, எனக்கு வாய் கிடையாது. இவருக்கு ஒரே சிரிப்பு.

பைபிளில் ஊமையாகிப்போன சகரியாவும் எழுத்துப்பலகைதான் கேட்டான். அவனாவது தேவதூதன் சொன்னதை நம்பவில்லை. நான் என்ன செய்தேன்?

மார்ச் 26

பாடற்குழு பீரோ சாவி என்னிடம்தான் இருக்கிறது. அங்கி, பாட்டுத் தாள் எல்லாம் அதற்குள். இதுவரை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 27

தூக்கம் வராமல் போன மாத டைரியைப் புரட்டினேன். ஒரே வாரத்தில்: ஞாயிறு காலை ஆராதனை, ஞாயிறு பள்ளி, மதியம் ஆசிரியர் கூடுகை. திங்கள் ஆஸ்பத்திரிச் சந்திப்பு. செவ்வாய் பெண்கள் ஐக்கிய சங்கம். புதன் வீட்டு ஜெபம், எங்கள் தெருவில். வியாழன் வீட்டு ஜெபம், அடுத்த தெருவில், பாட்டுக்கு ஆள் இல்லை என்று. வெள்ளி உபவாச ஜெபம். சனி பாடற்குழு. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு அடக்க ஆராதனை, இரண்டிலும் பாட்டு நான்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து பணி ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஓய்வு பெற்றாள் என்கிறார்கள். பெற்ற ஓய்வை எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நானே கையைத் தூக்கியிருக்கிறேன். "டீச்சர் இல்லாட்டி நடக்காது" என்று ஒருவர் சொன்னால் போதும், காலில் செருப்பு ஏறிவிடும்.

மார்ச் 29, சனி

சாவிக்கு ஒரு பையனை அனுப்பிவிட்டார்கள். கொடுத்தேன்.

ஆறரைக்குச் சத்தம் கேட்டது. கோயில் ஒரு தெரு தள்ளித்தான். நான் ஜி சுருதியில் எடுக்கும் பாட்டை, என் இடத்தில் நிற்கும் பெண் ஒரு படி கீழே எஃபில் எடுக்கிறாள். எனக்குத் தொண்டை அரிக்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். திறந்தேன். மறுபடி சாத்தினேன்.

மார்ச் 30, ஞாயிறு

முப்பது வருஷத்துக்கு அப்புறம் கடைசி பெஞ்சில். பாவ அறிக்கைக்கு முன்னால் ஐயர், எங்கள் போதகர், "சற்று நேரம் அமைதியாக நம்மை நாமே ஆராய்ந்து பார்ப்போம்" என்றார். எண்ணிப் பார்த்தேன். பதினோரு வினாடி. அவ்வளவு நீளமான பதினோரு வினாடியை நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் எப்போதும் அடுத்த பாட்டின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். இந்தப் பதினோரு வினாடியிலும் என்னை எங்கே ஆராய்ந்தேன்? பாடற்குழுவின் ஆல்ட்டோ குரலில் யார் வரவில்லை என்றுதான் பார்த்தேன்.

ஏப்ரல் 1

ஐயரம்மா பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல மனுஷி. முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, "கர்த்தர் உங்களை அமர்ந்திருக்கச் சொல்றார் டீச்சர், 46ஆம் சங்கீதம்" என்று முடித்தார்கள். இந்த எட்டு நாளில் இந்த வசனத்தைச் சொன்ன ஆறாவது ஆள்.

போன பிறகு எடுத்து முழுவதும் படித்தேன். எரிச்சலோடுதான். நாம் காலண்டரில் ஒரு ஏரி, ஒரு படகு போட்டு இந்த வசனத்தை அச்சடிக்கிறோம். சங்கீதத்தில் ஏரியே இல்லை. பூமி நிலைமாறுகிறது, மலைகள் கடலில் சாய்கின்றன, ராஜ்யங்கள் தத்தளிக்கின்றன. "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்பதற்கு முந்தின வசனம் என்ன? யுத்தங்களை ஓயப்பண்ணுகிறார், வில்லை ஒடிக்கிறார், ஈட்டியை முறிக்கிறார். களைத்துப்போனவனைத் தட்டிக்கொடுத்துச் சொல்கிற மாதிரி எனக்குப் படவில்லை. கையில் வில்லோடு நிற்கிறவனைப் பார்த்து, போதும், கீழே போடு என்கிற மாதிரி இருக்கிறது.

ஓயப்பண்ணுகிறார். தானாக ஓயாததைத்தானே ஓயப்பண்ண வேண்டும்.

ஏப்ரல் 2

டோனாவூர் நினைப்பாகவே இருக்கிறது. பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அதற்கு முன் வண்டி கட்டி ஊர் ஊராக ஓடிய மனுஷி. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறை. அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். பெயர்க்கல் வேண்டாம் என்றாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டிதான் இருக்கிறது.

ஞாயிறு பள்ளியில் இதை விசுவாச வீராங்கனை கதையாக எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இன்றைக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. பிள்ளைகள் வெளியே பாடும்போது, யார் தப்பாக எடுக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு எத்தனை மாதம் படுத்திருந்தார்? அதை எங்கேயாவது எழுதியிருந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

ஏப்ரல் 3

யாரும் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 5, சனி

சாயங்காலம் அத்தையோடு திண்ணையில் முருங்கைக்கீரை உருவினேன். அத்தைக்கு எண்பத்தாறு. ஒரு காம்பை நுனியில் பிடித்து இரண்டு விரலால் கீழே இழுத்தால் இலை மொத்தமும் மடியில் விழுகிறது, காம்பு மட்டும் கையில். எனக்குக் காம்பும் சேர்ந்து ஒடிந்து வந்தது. அவசரப்படாதே என்று தலையை ஆட்டினார்கள்.

நான் பேசாததால்தானோ என்னவோ, அவர்களாகவே பேச ஆரம்பித்தார்கள். மெஞ்ஞானபுரம் பக்கம் அவர்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமைக்குக் குழம்பு சனிக்கிழமையே வைத்துவிடுவார்களாம். ஞாயிறு உலக்கையைத் தொட்டால் ஆச்சி அடிப்பாளாம். ஆனால் பதனீர்க் காலத்தில் பனை மட்டும் கேட்காது. நாள் தவறாமல் பாளை சீவ வேண்டும், விட்டால் காய்ந்துவிடும். அவர்கள் அப்பா ஞாயிறும் இருட்டோடு ஏறி இறங்கி, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்கு வந்து, தூணில் சாய்ந்த உடனே தூங்கிவிடுவாராம். குறட்டையே வருமாம். ஒருநாள் யாரோ எழுப்பப் போனபோது உபதேசியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாராம்: "விடு. அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார். வசனம்தான் நடக்குது."

அத்தை சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார்கள். கீரை இரண்டு கட்டு முடிந்ததே தெரியவில்லை. மணியும் பார்க்கவில்லை.

கோயிலில் பாடற்குழு நடந்திருக்கும். கேட்கவில்லை. அதாவது, நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 7

மேடு சின்னதாகியிருக்கிறதாம். ஆனால் பாட்டு இப்போதைக்குக் கிடையாது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் பேசலாம், சாதாரணக் குரலில், கத்தாமல். "ஈஸ்டர் முடிஞ்சு பார்ப்போம்" என்கிறார். அவருக்கு ஈஸ்டர் ஒரு தேதி.

ஏப்ரல் 8

பாடற்குழு குரூப்பில் ஒரு பெரிய செய்தி எழுதினேன். யார் எங்கே நிற்க வேண்டும், எந்தச் சுருதி, முப்பது வருஷமாக இது எப்படி நடந்தது, எல்லாம். இருபது நிமிஷம் எழுதி, அழித்தேன். அழித்ததில் ஆவிக்குரிய காரணம் எதுவும் இல்லை. "முப்பது வருஷமாக" என்று நாலு இடத்தில் வந்திருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 10

இன்றைய ஐந்து நிமிஷம்: கேஸ்காரரிடம் இரண்டு, பெங்களூரிலிருந்து கூப்பிட்ட மகளிடம் மூன்று. ஜெபத்துக்கு மிச்சம் இல்லை. இது இரவு ஒன்பது மணிக்குத்தான் உறைத்தது. படுக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலில் நெஞ்சுக்குள் ஒரே இரைச்சல், கணக்கு, புகார், பட்டியல். அப்புறம் மின்விசிறிச் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. தூங்கிவிட்டேனோ என்னவோ.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி எங்கள் தெரு வழியாக வந்தது. அத்தையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஓசன்னா பாடிக்கொண்டே என்னைப் பார்த்து ஓலையை ஆட்டினார்கள். சின்னவன் ஒருவன் வரிசையை விட்டு ஓடி வந்து அத்தை மடியில் ஓலைச் சிலுவை ஒன்றைப் போட்டுவிட்டு ஓடினான். முன்வரிசை தாளம் தப்பியது. பரவாயில்லை என்று எழுத ஆசை. பரவாயில்லையாக இல்லை.

ஏப்ரல் 15

அந்தப் பெண் வந்தாள். பெரிய வெள்ளிப் பாட்டுக்குச் சுருதி கேட்க. சிலேட்டில் 'ஜி' என்று எழுதினேன். தயங்கினாள். "அக்கா, ஜியில எடுத்தா பின் வரிசைப் பெரியம்மாமாருக்கு எட்டல. எஃபில எல்லாரும் பாடுறாங்க. முன்னால பாதிப் பேர் சும்மா வாயை அசைச்சுட்டுத்தான் இருந்தாங்களாம்."

யாரும் என்னிடம் சொன்னதே இல்லை. சொல்ல விட்டிருக்கிறேனா?

என் தொண்டைக்கும் ஜி எட்டவில்லை என்றுதானே அந்த இரண்டு மேடும் சொல்கின்றன.

ஜியை விரலால் அழித்தேன். விரலெல்லாம் சாக்பீஸ்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. வெயில் தாங்கவில்லை. சிலுவையின் ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தைக்கு அப்புறம் ஒன்றும் நினைவில்லை. விழித்தபோது ஐயர் "தாகமாயிருக்கிறேன்" பிரசங்கத்தை முடிக்கிற இடம். பக்கத்தில் இவர் முழங்கையால் இடித்தபடி. வெட்கமாகப் போய்விட்டது. பாடற்குழு எழுந்தது. எஃப். பின் வரிசையிலிருந்தும் சத்தம் வந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எழுதிக் காட்டினேன், கோயிலில் தூங்கிவிட்டேன் என்று. கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, "தூணா, சுவரா?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஏப்ரல் 19

நாளைக்கு நாலரைக்கு ஆராதனை. அத்தை இப்போதே எந்தச் சேலை என்று மூன்று தடவை கேட்டாயிற்று. எழுதிக் காட்டினால் கண்ணாடியைக் காணோம் என்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் இன்னும் நாலு கையில் இருக்கிறது, ஆனால் இந்தக் காதுக்குக் கத்தினால்தான் எட்டும். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.