கரிய முகத்தில் விழும் வெளிச்சம்

நேர்காணல்களுக்கு விளக்கு அமைக்கும் வேலையில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம், முகம் ‘பளிச்சென்று’ இருக்க வேண்டும் என்பதுதான். முதன்மை விளக்கை ஒரு பக்கமாக 45 பாகையில் உயர்த்தி வைத்து, எதிர்ப்பக்க நிழலை இன்னொரு விளக்கால் தணித்து, தலைக்குப் பின்னால் பேக் லைட் ஒன்றையும் போட்டுவிட்டால் எவரையும் படம்பிடித்துவிடலாம் என்று நம்பினேன். அந்த முறையில் தவறில்லை. ஆனால் நான் படம்பிடித்தவர்களில் பெரும்பாலோர் கருநிறத்தவர். அவர்களுக்காக நான் கூட்டிய வெளிச்சமெல்லாம் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைத் திட்டாக நின்றதே தவிர, கன்னங்களும் கண்குழிகளும் இருட்டிலேயே கிடந்தன.

சுவாமிமலையில் முதிய ஸ்தபதி ஒருவரை அவருடைய பட்டறையிலேயே பதிவுசெய்யச் சென்ற நாளில்தான் இது எனக்கு விளங்கத் தொடங்கியது. எல்.இ.டி. பேனலை நேராக அவர் முகத்தில் அடித்துவிட்டு, வியர்வையின் மினுமினுப்பைப் பவுடரால் ஒற்றிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் அவர் எழுந்துபோய், பாதி செதுக்கிய வெண்கலச் சிலை ஒன்றைச் சன்னலோரம் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பல்பு வெளிச்சத்துல பார்த்தா பொட்டு பொட்டாத்தான் மின்னும் தம்பி. சன்னல்கிட்ட வச்சாத்தான் வளைவு தெரியும்” என்றார்.

வெண்கலத்துக்குச் சொன்னது அவருடைய முகத்துக்கும் பொருந்தியது. கரிய தோல் உள்வாங்கிச் சிதறடித்துத் திருப்பும் ஒளி குறைவு. ஆனால் தோலின் மேற்பரப்பில் படும் பளபளப்பு எல்லா நிறத்தவர்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கரிய முகத்தின் வடிவத்தைக் காட்டுவதில் அந்தப் பளபளப்புக்கே பெரும்பங்கு. ஒளி வரும் பரப்பு சிறிதாக இருந்தால் அது புள்ளியாகக் குத்தும். பெரிதாக இருந்தால் கன்ன எலும்பின் மேல் நீண்டு படர்ந்து முகத்தை வரைந்து காட்டும். நான் கூட்டியிருக்க வேண்டியது வெளிச்சத்தின் அளவை அன்று, அது வரும் பரப்பை.

1956இல் வெளிவந்த, சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ திரைப்படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை அரங்கில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, வானத்திலிருந்து இறங்குவது போன்ற மெல்லிய ஒளியைக் கொண்டுவந்தார். படித்து அறிந்திருந்தும் அதைச் செய்துபார்க்க எனக்கு அன்றுதான் தோன்றியது. ஸ்தபதி கொடுத்த வேட்டியை இரண்டு ஸ்டாண்டுகளுக்கு இடையே கட்டி, பேனலை அதன்பக்கம் திருப்பினேன். வேட்டியைக் கேமராவில் தெரியும் சட்டகத்தின் விளிம்புவரை நெருக்கிக்கொண்டுவந்தேன். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி ஏறக்குறைய கால்பங்காகக் குறையும் என்பதால், அவர் முகம் போதிய வெளிச்சம் பெற, பின்னாலிருந்த சுண்ணாம்புச் சுவர் தானாகவே மங்கிப் பின்வாங்கியது. வெள்ளைச் சுவரின் முன்னே ஒருவர் இருந்தால், வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் தானியங்கி மீட்டர் அதையும் சாம்பல் நிறமாக்க முயன்று முகத்தைக் கருக்கிவிடும்; அன்றிலிருந்து நான் அதை நம்புவதில்லை, முகத்தைப் பார்த்தே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவை, வைக்கிறேன்.

கேள்வி கேட்பவரை வேட்டியின் பக்கமாகவே உட்காரவைத்தேன். ஸ்தபதி ஒளியை நோக்கிப் பேசினார். கேமராவை ஒட்டிய கன்னத்தில் நிழல் தங்கி, உலோகம் உருக்கும்போது சுட்ட பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. பின்னர் படத்தொகுப்பின்போது ‘முகத்தைக் கொஞ்சம் சிவப்பாக்கித் தாருங்கள்’ என்று கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். ஒருவருடைய நிறத்தைத் திருத்த வேண்டிய பிழையாக எண்ணுவது என் தொழிலுக்கு இழுக்கு என்று இன்றும் கருதுகிறேன்.

பதிவுக்கு முன் மானிட்டரில் தன் முகத்தை வெகுநேரம் பார்த்த ஸ்தபதி, “வேட்டிய ஒரு சாண் கீழ இறக்குங்க தம்பி, கண்ணு இன்னும் திறக்கல” என்றார். சிலைக்குக் கண் திறப்பவர் சொன்ன சொல் அது. இறக்கினேன், ஆழ்ந்திருந்த இரு கண்மணிகளிலும் வெள்ளை ஒளி வந்து அமர்ந்தது.