கேன்சல் பட்டனை எடுத்துடுங்க

“அந்த கேன்சல் பட்டனை எடுத்துடுங்க ப்ரோ. எனக்கு என்னைப் பத்தித் தெரியும்.”

அவன் இதை ஆங்கிலத்தில்தான் எழுதினான். மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டியதில் இப்போது எனக்குத் தமிழிலேயே கேட்கிறது. அவன் வயது எனக்குத் தெரியாது. தம்பி என்று மனதில் பதிந்துவிட்டதால் அவன் என்றே எழுதுகிறேன்.

2023 செப்டம்பர், இரண்டாவது வாரம். மால்டாவில் இரவு ஷிப்ட். கிரிப்டோவில் பணம் வாங்கி கிரிப்டோவிலேயே திருப்பிக் கொடுக்கும் ஒரு ஆன்லைன் சூதாட்டத் தளத்தின் பேமென்ட் சப்போர்ட் பிரிவில் இருந்தேன். சாட்டில் எனக்கு வேறு பெயர். ஆங்கிலத்தில் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவன் 300 யுஎஸ்டிடி (ஒன்று ஏறக்குறைய ஒரு டாலர் மதிப்புள்ள கிரிப்டோ காயின்) போட்டிருந்தான். அது 4,200 ஆகியிருந்தது. அன்றைய விலைக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம் ரூபாய். முழுவதையும் வித்ட்ரா போட்டுவிட்டு சாட்டுக்கு வந்தான். யுபிஐயில் பணம் அனுப்பி பி2பியில், அதாவது இன்னொரு ஆளிடமிருந்து நேரடியாக, வாங்கிய காயின் என்று சொன்னதால் இந்தியா என்று புரிந்தது. நான் கேட்ட ஏதோ ஒன்றுக்கு ஓகே என்று எழுத வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்தில் ‘சரி ப்ரோ’ என்று எழுதினான். தமிழ் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் எங்கள் அறையில் எல்லோருமே பயத்தில் இருந்தோம். இதைச் சொல்லாமல் நான் செய்ததைச் சொல்வது எனக்கே நியாயமாகப் படவில்லை. செப்டம்பர் 4ஆம் தேதி ஸ்டேக் என்ற இன்னொரு கிரிப்டோ சூதாட்டத் தளத்தின் ஹாட் வாலட்டுகளிலிருந்து சுமார் 4 கோடியே 10 லட்சம் டாலர் திருடு போனது. இரண்டு நாள் கழித்து, இது வட கொரியாவின் லாசரஸ் ஹேக்கர் குழு செய்த வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ சொன்னது. பணம் போய்ச் சேர்ந்த வாலட் முகவரிகளையும் வெளியிட்டது. எங்கள் தளத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஹாட் வாலட் என்பது அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்காக இணையத்தோடு இணைத்தே வைத்திருக்கும் வாலட், கடையின் கல்லாப்பெட்டி மாதிரி. பக்கத்துக் கடைக் கல்லாவில் கை வைத்துவிட்டார்கள் என்றால் நம் கடையில் இரவு யாருக்குத் தூக்கம் வரும்? எங்கள் கல்லாவில் வைக்கும் தொகையைக் குறைத்தார்கள். ஆயிரத்துக்கு மேல் வெளியே போகும் எதையும் ஒரு ஆள் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். சந்தேகக் குறி விழுந்த பணமென்றால் இரண்டு ஆள்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் முழுதாகப் புரியுமா என்று தெரியவில்லை. கார்டில் தவறு நடந்தால் புகார் கொடுத்துத் திரும்பப் பெற ஒரு வழி உண்டு. வங்கிக் கணக்கென்றால் முடக்கிவைக்கவாவது முடியும். இங்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிய காயின் ஒரு நிமிடத்தில் போய்விடும். எதிராளி மனது வைத்தால்தான் திரும்பும். அதனால் ‘தாமதம்’ என்பதையே நாங்கள் பூட்டாகப் பயன்படுத்தினோம். வேறு பூட்டு எங்களிடம் இல்லை.

அவன் பணத்தில் சந்தேகக் குறி விழுந்திருந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு டெபாசிட்டையும் ஒரு மென்பொருள் பின்னோக்கித் துருவும். இந்த வாலட்டுக்கு எங்கிருந்து வந்தது, அதற்கு முன் எங்கே இருந்தது என்று பார்த்து ஒரு மதிப்பெண் போடும். அவனுக்கு விற்ற பி2பி ஆளின் வாலட்டுக்குள் எப்போதோ ஒரு மோசடிப் பணம் வந்து போயிருக்கிறது. அது அவன் தப்பில்லை. சந்தையில் சில்லறை வாங்குகிறவன் அந்த நோட்டு யார் யார் கை மாறி வந்தது என்று எப்படிப் பார்ப்பான்? ஆனால் அழுக்குப் பணத்தை வாங்கி வேறு காயினாகத் திருப்பிக் கொடுத்தால் எங்கள் தளம் சலவைக்கூடம் ஆகிவிடும். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த விதி சரி என்றுதான் நினைக்கிறேன்.

மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் குழு காலை 9 மணிக்குத்தான் வரும். இந்தியாவில் அப்போது பகல் 12:30. அவன் சாட்டுக்கு வந்தபோது எங்களுக்கு இரவு 10:40, அவனுக்கு அதிகாலை 2:10. நடுவில் பத்து மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரம் முழுக்க அவன் திரையில் 4,200 என்ற எண்ணும், அதன் பக்கத்தில் கேன்சல் என்ற பட்டனும் இருக்கும். அழுத்தினால் பணம் உடனே விளையாட்டுக்குத் திரும்பிவிடும். வெளியே போக பத்து மணி நேரம் ஆகிற பணம், உள்ளே வர ஒரு நொடிகூட ஆகாது.

அவனுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. முதலில் எப்போது பணம் வரும் என்று கேட்டான். சொன்னேன். அடையாள ஆவணங்கள் அனுப்பட்டுமா என்றான். அனுப்புங்கள், காலையில் பார்ப்பார்கள் என்றேன். (சேரும்போது எந்த ஆவணமும் வேண்டாம் என்று விளம்பரம் செய்துவிட்டு, எடுக்கும்போது கேட்பதை அந்த வேலையில் என்னால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.) நாளைக்கு இந்தப் பணத்தை ஒருத்தருக்குக் கொடுக்க வேண்டும் என்றான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அப்புறம்தான் அந்த வரி வந்தது.

கேன்சல் பட்டனை எடுக்க ஒரு வழி இருந்தது. எங்கள் திரையில் வித்ட்ராவைப் பூட்டலாம். பூட்டினால் ஆட்டக்காரர் அதைத் தொட முடியாது. ஆனால் பூட்டிய வித்ட்ரா நேராக அனுப்பும் வரிசைக்குப் போய்விடும். சந்தேகக் குறி உள்ள பணத்தை அப்படிப் பூட்ட வேண்டுமென்றால், புது விதிப்படி பாதுகாப்புப் பிரிவிலிருந்து இரண்டாவது ஆள் சம்மதிக்க வேண்டும். இரவில் அவரை அழைக்க ஒரு எண் இருந்தது. என் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தது.

நான் அழைக்கவில்லை. தயாராக இருந்த பதிலை எடுத்து ஒட்டினேன். உங்கள் கோரிக்கை உரிய பிரிவின் பரிசீலனையில் உள்ளது, 24 முதல் 72 மணி நேரம் ஆகலாம், பொறுமைக்கு நன்றி.

‘சரி ப்ரோ’ என்று எழுதிவிட்டுப் போனான்.

அவன் ஊர் நேரப்படி அதிகாலை 4:50க்கு கேன்சல் செய்தான். வேறு வாடிக்கையாளர்களின் டிக்கெட்டுகளை முடித்துவிட்டு நான் பார்த்தபோது கணக்கில் எதுவும் இல்லை. டைஸ் ஆட்டம். தோற்றால் அடுத்த பந்தயத்தை இரட்டிப்பாக்கு என்று ஆட்டோ பந்தயத்தில் போட்டுவிட்டிருந்தான். 5இல் தொடங்கி 10, 20, 40 என்று ஏறும். தொடர்ந்து ஒன்பது முறை தோற்றால் 2,555 போய்விடும். பத்தாவது பந்தயத்துக்கு 2,560 வேண்டும். அவனிடம் அவ்வளவு மிச்சமில்லை. இருந்ததை ஒரே ஆட்டத்தில் வைத்தான். அதுவும் போனது.

அந்த ஆட்டங்களை மறுநாள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். ஆட்டம் தொடங்கும் முன்பே தளம் தன் ரகசிய எண்ணின் ஹாஷைக் காட்டிவிடும். ஹாஷ் என்பது அந்த எண்ணின் கைரேகை மாதிரி; எண்ணைக் காட்டாது, ஆனால் பின்னால் எண்ணை மாற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். ஆட்டக்காரரின் எண்ணும் அதோடு சேர்ந்துதான் முடிவு வரும். பின்னால் ரகசிய எண்ணை வெளியிட்டதும் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தது. தளம் அவனை ஒரு ஆட்டத்தில்கூட ஏமாற்றவில்லை. எங்களுக்கு 1 சதவீதம் சாதகம், அவ்வளவுதான். ஒரு பந்தயத்தில் அவன் ஜெயிக்கும் வாய்ப்பு 49.5 சதவீதம். தொடர்ந்து ஒன்பது தோல்வி என்பது சுமார் 470இல் ஒரு தடவை நடக்கும். கேட்பதற்கு அபூர்வமாகத் தெரியும். ஆட்டோ பந்தயம் நொடிக்கு ஒன்று ஓடினால் அரை மணி நேரத்தில் 1,800 பந்தயம். அதற்குள் அந்த ஒன்பது வராமல் போனால்தான் ஆச்சரியம்.

இந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தளம் நேர்மையாக நடந்தது. பட்டனை அழுத்தியது அவன் விரல். அப்படியே பணம் அவன் வாலட்டுக்குப் போயிருந்தாலும், அதை பி2பியில் விற்றுத்தான் ரூபாயாக்கியிருப்பான். வாங்குகிறவர் அனுப்பும் பணம் யாரோ ஏமாந்தவருடையதாக இருந்து, அவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்திருந்தால் இவன் வங்கிக் கணக்கே முடங்கியிருக்கும். காயின் விற்று இப்படி மாட்டிக்கொண்டவர்களின் கதைகள் எங்கள் சாட்டில் நிறைய வரும். ஆக நான் பூட்டியிருந்தாலும் அவனுக்கு நல்லது நடந்திருக்கும் என்று நிச்சயமில்லை. ஒரு நாள் இதை நம்புவேன். மறுநாள், நடக்காத கெடுதலைக் காட்டி நடந்த கெடுதலை மறைக்கிறாயே என்று தோன்றும்.

காலை 10:15க்கு அந்தக் குழு அவன் குறியை நீக்கியது. மோசடிப் பணம் மூன்று வாலட் தள்ளி இருந்தது, பங்கும் மிகச் சிறியது. அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்கள். அனுப்ப ஒன்றும் இல்லை. டிக்கெட் ‘வாடிக்கையாளரே ரத்து செய்தார்’ என்று தானாக மூடிக்கொண்டது.

மூன்று நாள் கழித்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று நினைவுக்கு வந்தது. பூட்ட வேண்டிய அவசியமே இல்லை. ‘ஒரு நாள் ஓய்வு’ என்று ஒரு வசதி எல்லோருடைய கணக்கிலும் இருந்தது. அதைப் போட்டால் 24 மணி நேரம் பந்தயம் வைக்க முடியாது. வித்ட்ரா பாட்டுக்கு வரிசையில் இருக்கும். கேன்சல் செய்தாலும் பணம் கணக்கில் சும்மா கிடக்கும். எந்தப் பாதுகாப்பு விதியையும் மீறியிருக்க வேண்டாம். யாருடைய சம்மதமும் வேண்டாம். அமைப்புகளுக்குள் போய் அதை அழுத்துங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

ஏன் தோன்றவில்லை? மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தேன். அன்று எனக்கு ஒரே நேரத்தில் ஆறு சாட் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் உண்மை. ஆனால் எங்கள் அறைச் சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. அதில் அன்றைய டெபாசிட், அன்றைய வித்ட்ரா, ‘திரும்பி வந்த வித்ட்ரா’ என்று மூன்று எண்கள் ஓடும். மூன்றாவது எண் உயர்ந்தால் பச்சை நிறம். என் சம்பளத்துக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. யாரும் என்னிடம் ஓய்வு வசதியைச் சொல்லாதே என்று சொன்னதும் கிடையாது. பயிற்சியில் அதைப் பற்றி ஒரு ஸ்லைடு வந்தது, வித்ட்ராவோடு சேர்த்து யாரும் பேசவில்லை. தினமும் எட்டு மணி நேரம் ஒரு பச்சை எண்ணின் கீழே உட்கார்ந்திருந்தவனுக்கு எது நினைவுக்கு வரும், எது வராது என்பதை அவனே தீர்மானிக்கிறானா? என்னால் சொல்ல முடியவில்லை.

பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்களில் இப்படி ஒரு கேன்சல் பட்டன் இருக்கவே கூடாது என்று 2021 அக்டோபர் 31 முதல் விதி இருக்கிறது என்பதைப் பின்னால் படித்தேன். பணம் வேண்டும் என்று ஒருவர் கேட்ட பிறகு மனம் மாற வாய்ப்புக் கொடுப்பது கெடுதல் என்று அங்கே முடிவுசெய்துவிட்டார்கள். எங்களுடையது கரீபியன் தீவான குராசாவ் கொடுத்த உரிமம். அந்த விதி எங்களைத் தொடாது. படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பாதுகாப்புக்காகத்தான் தாமதம் என்று நான் முழு மனதோடு நம்பிய இடத்தில், அதே தாமதம் இன்னொரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. பாதுகாப்பு மட்டும்தான் நோக்கமென்றால் பணத்தைப் பத்து மணி நேரம் பிடித்து வைக்கலாம், கூடவே அந்தப் பட்டனையும் எடுத்துவிடலாம். இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. பூட்டினால் அனுப்பும் வரிசைக்குப் போகும் என்று யாரோ அப்படி வடிவமைத்திருந்தார்கள், நான் அதை இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதும்போது, அவன் தமிழன் என்பதால்தான் இவ்வளவு உறுத்துகிறதா என்றும் யோசிக்கிறேன். பிரேசில்காரர்கள், துருக்கிக்காரர்கள் எத்தனையோ பேர் அதே பட்டனை அழுத்தினார்கள். அவர்களுக்கும் அதே வரியைத்தான் ஒட்டினேன். அவர்களுடைய சாட் ஒன்றுகூட நினைவில் இல்லை. அவனிடம் தமிழில் ஒரு வார்த்தை, “தம்பி, போய்த் தூங்குங்க, காலைல பாத்துக்கலாம்” என்று எழுதியிருந்தால் கேட்டிருப்பானோ என்னவோ. விதியை மீறினேன் என்று எனக்கு ஒரு எச்சரிக்கை வந்திருக்கும். அவ்வளவுதான்.

அவன் திரும்ப வந்தான். அக்டோபர் மாதம், மறுபடி என் ஷிப்டில். 60 யுஎஸ்டிடி அனுப்பியிருக்கிறான், கணக்கில் ஏறவில்லை. எத்தீரியம் முகவரியை எடுத்துக்கொண்டு, கட்டணம் குறைவு என்று பிஇபி-20 வழியாக, அதாவது பிஎன்பி என்ற வேறு சங்கிலியில் (பிளாக்செயினில்), அனுப்பிவிட்டான். இரண்டு சங்கிலியிலும் முகவரி ஒரே மாதிரி இருக்கும் என்பதால் அடிக்கடி நடக்கிற தவறு. காயின் தொலைந்துபோகாது, அந்த முகவரியின் சாவி எங்களிடம்தான் இருக்கும். ஆனால் ஆள் வைத்துக் கையால் எடுக்க வேண்டும். சின்னத் தொகைக்கு வழக்கமாக ஒரு வாரம்வரை ஆகும்.

நான் விடவில்லை. பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கி, இரண்டு சங்கிலியிலும் தேடி, படம் எடுத்து, விவரமாகக் குறிப்பு எழுதினேன். முக்கால் மணி நேரம் அவன் ஒருவனுக்காகவே செலவழித்தேன். பாதுகாப்புப் பிரிவில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்று வந்தது. இரவு 11:30. சுவரில் இருந்த அந்த எண்ணை அழைத்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர், 60க்கா என்று கேட்டார். ஆமாம், இன்றைக்கே வேண்டும் என்றேன். போட்டுக் கொடுத்தார்.

பணம் அவன் கணக்கில் ஏறியது. ‘சரி ப்ரோ, தேங்க்ஸ்’ என்று எழுதினான். டைஸ் ஆட்டத்தைத் திறந்தான்.